தாத்தாவின் துளையட்டைகள்

நுழையும்முன்

கணினி இன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அது ஓர் அறையையே நிறைத்துக்கொண்டிருந்தது. அதனிடம் வேலை வாங்க விரும்பியவர்கள், தாம் சொல்ல வேண்டியதைத் தடித்த தாள் அட்டைகளில் துளைகளாக இட்டுக் கொடுத்தார்கள். அத்தலைமுறையைச் சேர்ந்த ஒரு தாத்தாவையும், அத்தலைமுறைக்குக் கற்பித்த ஒரு பேராசிரியரையும் இப்பாடத்தில் காணலாம். தாத்தாவின் வீடு கதைக்காக அமைந்தது. பேராசிரியர் நம்மிடையே வாழ்ந்தவர்.

பாடம்

பாலக்காட்டில் கல்பாத்திப் புழையின் கரையில் விசாலாட்சி சமேத விசுவநாதர் கோயில் உள்ளது. கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கற்படிகள் காசியின் படித்துறையை நினைவூட்டுவதால், ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் வழக்கு அங்கே நிலவுகிறது. கோயிலை ஒட்டிய அக்கிரகாரங்களில் வீடுகள் ஒன்றன் தோளை ஒன்று பற்றியதுபோல வரிசையாக நிற்கின்றன. தமிழகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், சுற்றிலும் மலையாளம் ஒலிக்க, வீட்டுக்குள் தமிழ் பேசி வாழ்ந்துவருகிறார்கள்.

இவ்வூர்ப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இரயிலேறிச் செல்வது பழைய வழக்கம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றவர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சென்றார்கள். பணி ஓய்வு பெற்றபின் சிலர் திரும்பிவந்து அதே திண்ணையில் அமர்ந்தார்கள். வராதவர்களின் வீடுகள் ஆண்டில் சில நாள்களே திறக்கும். அந்நாள்களுள் முதன்மையானவை, நவம்பர் மாதத்தில் வரும் தேர்த்திருவிழா நாள்கள்.

2025ஆம் ஆண்டு நவம்பரில் புதிய கல்பாத்தியின் ஒரு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தேருக்காக மட்டும் அவர்கள் வரவில்லை. அவ்வீட்டுத் தாத்தா மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. முதலாண்டு நினைவுச் சடங்குகள் முடிந்தன. பாட்டியைத் தம்முடன் பெங்களூருக்கு அழைத்துச் செல்வதென்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே வீட்டை ஒழிக்கும் வேலை தொடங்கியது. பித்தளைப் பாத்திரங்கள் ஒருபுறம், பழந்துணிகள் ஒருபுறம், எடைக்குப் போடவேண்டிய தாள்கள் ஒருபுறம் எனக் கூடம் நிறைந்தது.

எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி தாள்களைப் பிரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள். அவள் மத்திய பள்ளியில் படிப்பவள். அங்கே இந்தியும் ஆங்கிலமும் கட்டாயம். தமிழை விருப்பமொழியாக எடுத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் நெடுங்கணக்கைக் கற்பித்தவர் தாத்தாதான். கோடை விடுமுறைதோறும் திண்ணையில் உட்காரவைத்து, சிலேட்டில் கட்டம் போட்டு, மேலே உயிரெழுத்துகளும் பக்கவாட்டில் மெய்யெழுத்துகளும் எழுதி, கட்டங்களை அவளையே நிரப்பச் சொல்வார். தவறினால் கடிந்துகொள்ள மாட்டார். “இயந்திரம்கூட முதல் ஓட்டத்தில் சரியாகச் செய்வதில்லை; அழித்துவிட்டு மறுபடியும் எழுது” என்பார். எந்த இயந்திரம் என்று அவள் கேட்டதில்லை.

தாத்தாவின் இரும்புப் பெட்டியின் அடியில், சணல் கயிற்றால் கட்டிய அட்டைக்கட்டு ஒன்று கிடந்தது. பழுப்பேறிய அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் சிறு நீள்சதுரத் துளைகள். எழுத்து என்று ஒன்றுமே இல்லை. அதனுடன் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடும், முதுகு பிய்ந்த ஓர் ஆங்கிலப் பாடநூலும் இருந்தன.

“இதெல்லாம் எடைக்குத்தான். இந்த அட்டையைப் படிக்கும் இயந்திரம் இப்போது எங்கும் கிடையாது” என்றார் சித்தப்பா. அவரும் கணினித் துறையில்தான் பணியாற்றுகிறார். அவர் சொன்னதில் பெரிய தவறும் இல்லை.

பாட்டி மட்டும் அந்தப் பாடநூலை வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், அந்த வாரத்து நாளிதழ் ஒன்றை எடுத்துவந்து விரித்தார். அதில் ஒரு முதியவரின் படமும் இரங்கற்செய்தியும் இருந்தன.

“இவர் உன் தாத்தாவுக்கு வாத்தியார்” என்றார்.

“தாத்தா இவரிடம் கல்லூரியில் படித்தாரா, பாட்டி?”

“கல்லூரியில் இல்லை. அலுவலகத்திலிருந்து கான்பூருக்குச் சில நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது கணக்கு எழுதும் குமாஸ்தாவாகப் போனார். திரும்பிவந்தபோது அவர் பேச்சே மாறிப்போயிருந்தது. வந்தபின் இந்தப் புத்தகம் வெளியானது. அதை வாங்கி, அட்டை கிழியும்வரை படித்தார்.”

படத்தில் இருந்தவர் பேராசிரியர் வைத்தீஸ்வரன் இராஜாராமன். அவர் 1933ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே செல்லும் இரயில் கோவையைக் கடந்து ஈரோட்டைத்தான் அடைகிறது. அவ்வகையில் கல்பாத்திக்காரர்களுக்கு அவர் அண்டை ஊர்க்காரர். ஆனால் அவர் படித்தது தில்லியில். அங்கே குடியேறிய தென்னாட்டவர் தம் பிள்ளைகளுக்காக நடத்திய மதராசி கல்விச் சங்கப் பள்ளியில் பயின்று, தூய ஸ்டீபன் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்தொடர்புப் பொறியியல் கற்றார்.

அங்கேதான் அவருக்குக் கணிப்பொறியுடன் முதல் பழக்கம் ஏற்பட்டது. அது இன்றைய கணினி போன்றதன்று. எண்களுக்குப் பதில் மின்னழுத்தங்களைக் கொண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணிப்பொறி. அதற்கு வேண்டிய சில உறுப்புகளை அவரே வடிவமைத்துச் செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1959இல் முதுகலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டமும் பெற்றார். சிறிது காலம் அங்கேயே கற்பித்தார். அங்கே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். கழகம் தொடங்கி நான்காண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அதே ஆண்டில் கான்பூருக்கு ஐபிஎம் 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. இக்கணினியைப் பற்றிய ஒரு செய்தி தாத்தாவுக்கு மிகவும் பிடித்தமானது. அதன் முதல் வடிவத்தில் எண்களைக் கூட்டுவதற்கென்று தனிச் சுற்று கிடையாது. கூட்டல் வாய்பாட்டை அதன் நினைவகத்தில் ஏற்றிவைப்பார்கள். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால், அது வாய்பாட்டைப் பார்த்து ஐந்து என்று எடுத்துக்கொள்ளும். பெருக்கலுக்கும் அப்படியே. யாரேனும் அந்த வாய்பாட்டைத் தவறுதலாக அழித்துவிட்டால், அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று தெரியாது! பேரப்பிள்ளைகள் பதினாறாம் வாய்பாட்டில் இடறும்போதெல்லாம் தாத்தா ஏன் சிரித்தார் என்பது பேத்திக்கு இப்போதுதான் விளங்கியது.

அக்காலத்தில் இந்தியாவில் இருந்த கணினிகள் மிகச் சில. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஒன்றை வரவழைத்தது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் தாமே ஒரு கணினியைக் கட்டினார்கள். அப்பணியை முன்னின்று நடத்தியவர், சென்னையில் 1926இல் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த இர. நரசிம்மன். அவர்களது கணினி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கி, 1962இல் ‘டிஃப்ராக்’ எனப் பெயர் பெற்றது. அதனுள் சுமார் 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. நினைவகத்தில் 2,048 சொற்களே அடங்கும். இன்றைய குழந்தைகளின் விளையாட்டுப் பொருளில்கூட அதைவிட மிகுதியான நினைவகம் உண்டு. எனினும் அதைக் கட்டியவர்கள் தம் கையால் ஒவ்வொரு கம்பியையும் இணைத்தவர்கள். 1964இல் அந்நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து பன்மடங்கு வேகமான கணினி வந்ததும், அவர்கள் உழைத்துக் கட்டிய இயந்திரம் பழம்பொருளாகிவிட்டது.

கணினிகள் வந்தன, அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் இல்லை. கான்பூர் அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. மாணவர்களுக்கு மட்டுமன்றி, வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், அலுவலர்கள் ஆகியோருக்கும் போர்ட்ரான் என்னும் நிரல்மொழியைச் சில நாள்களில் கற்பிக்கும் பயிற்சிகளை அங்கே நடத்தினார்கள். 1965இல் கணினி அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பும் தொடங்கியது. கற்பிக்க இந்தியச் சூழலுக்கேற்ற நூல் இல்லாததால், இராஜாராமன் தம் வகுப்புக் குறிப்புகளிலிருந்து நூல் எழுதினார். 1969இல் வெளிவந்த அந்நூல்தான் தாத்தாவின் பெட்டியில் இருந்தது. அதன்பின் அவர் இருபதுக்கும் மேற்பட்ட பாடநூல்களை எழுதினார். மாணவர் வாங்கக்கூடிய விலையில் அவை கிடைத்ததுதான் அவற்றின் பெரிய சிறப்பு. கணினியையே கண்டிராத சிற்றூர்க் கல்லூரிகளிலும் அந்நூல்களைக் கொண்டு நிரல் எழுதக் கற்றவர்கள் உண்டு. எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க இயந்திரமில்லாமல், தாளிலேயே ஒவ்வொரு வரியாகத் தாமே இயந்திரமாகி நடந்து பார்ப்பார்கள். தாத்தாவின் நூலின் ஓரங்களிலும் அத்தகைய கணக்குகள் பென்சிலால் நிறைந்திருந்தன.

“இந்த அட்டையில் அப்படி என்னதான் எழுதினார்?” என்று கேட்டாள் பேத்தி.

பாட்டிக்குத் துளைகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் அவற்றால் வீட்டில் நடந்தவை தெரியும். ஓர் அட்டையில் நிரலின் ஒரு வரி மட்டுமே அடங்கும். ஐந்நூறு வரி கொண்ட நிரலுக்கு ஐந்நூறு அட்டை. கட்டைக் காலையில் கணினி அறையில் ஒப்படைத்தால், விடை அச்சாகி வர மறுநாள் ஆகும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தாலும் விடைக்குப் பதில் பிழைச்செய்திதான் வரும். திருத்திக் கொடுத்து இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை மழையில் மிதிவண்டி சறுக்கி, கட்டு முழுவதும் சாலையில் சிதறியது. தாத்தா ஈர அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையெங்கும் பரப்பி உலர்த்தி, வரிசைப்படுத்தி முடிக்க விடிந்துவிட்டது. அன்று முதல் கட்டின் பக்கவாட்டில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவைப்பார். ஏதேனும் ஓர் அட்டை இடம் மாறினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பேத்தி கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மங்கிய கோடு மூலைக்கு மூலை சென்றது. எங்கும் உடையவில்லை.

“இந்தக் கட்டை மட்டும் ஏன் வைத்திருந்தார் என்று தெரியும்” என்று பாட்டி தொடர்ந்தார். அது தொழிலாளர்களின் வருங்கால வைப்புநிதிக்கு வட்டி கணக்கிடும் நிரல். தாத்தாவே எழுதியது. ஓராண்டு நன்றாகவே ஓடியது. அடுத்த ஆண்டில் ஒருநாள், ஓய்வுபெறவிருந்த காவலாளி ஒருவர் தம் கணக்கைத் தாளில் தாமே போட்டுக்கொண்டு வந்தார். அவர் கணக்குக்கும் இயந்திரத்தின் கணக்குக்கும் சில காசுகள் வேறுபாடு. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இயந்திரம் தவறு செய்யுமா என்றார்கள். தாத்தா அத்தாளை வீட்டுக்கு எடுத்துவந்து இரவெல்லாம் சரிபார்த்தார்.

போர்ட்ரானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், மீதியைக் கணினி தள்ளிவிடும். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வராது, மூன்றுதான் வரும். தாத்தா காசுகளை முழு எண்களாக வைத்திருந்தார். ஆகையால் ஒவ்வொரு வகுத்தலிலும் ஒரு காசுக்கும் குறைவான தொகை விழுந்துகொண்டே இருந்தது. விழுந்ததெல்லாம் தொழிலாளியின் பக்கத்திலிருந்துதான். தனித்தனியே பார்த்தால் அது ஒரு தேநீர்க் காசுக்கும் காணாது. “விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார்கள் உடன் பணிபுரிந்தவர்கள்.

கணினி வந்தால் குமாஸ்தாக்களின் வேலை போய்விடும் என்ற அச்சம் அன்று நாட்டின் பல அலுவலகங்களில் இருந்தது. தாத்தாவின் அலுவலகத்திலும் பலர் அவருடன் பேசுவதைக் குறைத்திருந்தார்கள். இந்நிலையில் தம் நிரலில் பிழை உண்டென்று அவரே சொன்னால், இரு பக்கமும் பகையாகும். இயந்திரத்தை வெறுத்தவர்கள் இளக்காரம் செய்வார்கள்; அதை வாங்கிய மேலதிகாரிகள் சினம் கொள்வார்கள். தாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுத்துமூலம் பிழையைத் தெரிவித்தார். நிரலைத் திருத்தி, இரண்டு ஆண்டுக் கணக்கையும் மீண்டும் ஓட்டினார். அவருக்கு அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அதை அவர் பிறகு ஒருபோதும் பேசியதில்லை. அந்தக் காவலாளி ஊருக்குப் போகும்முன் வீடு தேடி வந்து, வெல்லம் ஒரு கட்டி கொடுத்துவிட்டுப் போனதை மட்டும் அடிக்கடி சொல்வார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, “இது எனக்குத் தெரியாதே, அம்மா” என்றார்.

“நீ கேட்கவில்லையே” என்றார் பாட்டி. குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

தாத்தா பணி ஓய்வு பெறும்வரை நிரல் எழுதினார். ஐபிஎம் நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, புது இயந்திரங்களையும் புது மொழிகளையும் கற்றார். துளையட்டை மறைந்து, திரையும் விசைப்பலகையும் வந்தன. ஒவ்வொரு முறை இயந்திரம் மாறும்போதும் முன்பு எழுதியவை பயனற்றுப் போயின. தச்சர் செய்த கதவு நூறாண்டு நிற்கும். கல்தச்சர் செதுக்கிய தூண் அதற்கும் மேல் நிற்கும். நிரலர் எழுதியது அது ஓடிய இயந்திரத்தோடு போய்விடும். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பில் தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த ஒரு கட்டு மட்டுமே.

இராஜாராமனும் இதை அறிந்திருந்தார் போலும். அவர் 1982இல் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தின் மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்தை 1994வரை வழிநடத்தினார். பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் கணினித் துறைக்குள் நுழைய வழி செய்த எம்.சி.ஏ. படிப்பு, அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் உருவானது. 1998இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. இவை எல்லாம் இரங்கற்செய்தியில் இருந்தன. இவற்றைவிட மேலாகச் சொல்லத்தக்கது வேறொன்று உண்டு. எண்பது வயதை நெருங்கியபோது அவர், இந்தியாவில் கணினி வளர்ந்த வரலாற்றை 1955 முதல் 2010 வரை தொகுத்து எழுதினார். எந்த இயந்திரம் எப்போது வந்தது, அரசு என்ன முடிவெடுத்தது, அதனால் எது வளர்ந்தது, எது தடைப்பட்டது என்பனவற்றை உடனிருந்து கண்டவர் எழுதிவைத்தார். அவர் எழுதியிராவிட்டால், அவற்றுள் பல அந்த இயந்திரங்களைப் போலவே மறைந்திருக்கும். தம் 92ஆம் வயதில், 2025 நவம்பரில் அவர் மறைந்தார்.

மாலையில் தேர் வரும் ஒலி கேட்டது. கல்பாத்தியில் தேரை மக்கள் வடம்பிடித்து இழுப்பார்கள். பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். எல்லாரும் வாசலுக்குச் சென்றார்கள். பேத்தி மட்டும் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் தாத்தா ஓர் அட்டவணை வரைந்திருந்தார். சிலேட்டில் அவர் போடும் நெடுங்கணக்குக் கட்டத்தைப் போலவே இருந்தது. மேலே தமிழில் ஒரு குறிப்பு: ‘அட்டையில் வரிசை 12. உயிரும் 12. நினைவில் வைக்க எளிது.’

அட்டையின் நீளவாக்கில் 80 நெடுவரிசைகள் உண்டு. ஒரு நெடுவரிசையில் ஓர் எழுத்து. ஒவ்வொரு நெடுவரிசையிலும் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு இடங்கள். அவற்றின் பெயர்கள் முறையே 12, 11, 0, பிறகு 1 முதல் 9 வரை. எண்ணைக் குறிக்க ஒரு துளை போதும். ஆங்கில எழுத்தைக் குறிக்க இரண்டு துளை வேண்டும்: மேலுள்ள மூன்று இடங்களில் ஒன்றும், கீழுள்ளவற்றில் ஒன்றும். 12உடன் 1 சேர்ந்தால் ‘ஏ’. 12உடன் 2 சேர்ந்தால் ‘பி’. இப்படியே 12உடன் 9 சேரும்போது ‘ஐ’. அடுத்து 11உடன் 1 சேர்ந்தால் ‘ஜே’ தொடங்கி, 9 சேரும்போது ‘ஆர்’ முடிய. பிறகு 0உடன் 2 சேர்ந்தால் ‘எஸ்’ தொடங்கி, 9 சேரும்போது ‘இசட்’ முடிய. இதன் பக்கத்தில் தாத்தா, ‘மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆவது போல’ என்று எழுதியிருந்தார்.

அவள் கட்டின் முதல் அட்டையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இயந்திரத்தில் படியெடுத்த அட்டை என்பதால், மேல்விளிம்பில் எழுத்து அச்சாகியிருக்கவில்லை. முதல் நெடுவரிசையில் 12உம் 3உம். ‘சி’. குறிப்பேடு சொன்னது: முதல் இடத்தில் ‘சி’ இருந்தால் அந்த அட்டை கருத்துரை, கணினி அதைக் கட்டளையாகக் கொள்ளாது, மனிதர் படிப்பதற்கு. அதன் பிறகு நிரலின் பெயரும் ஆண்டும் இருந்தன. பின்னர் நீண்ட வெற்றிடம். கடைசியில் மறுபடியும் துளைகள்.

73ஆம் நெடுவரிசை முதல் 80 வரையுள்ள எட்டு இடங்களைக் கணினி பொருட்படுத்தாது. அட்டைகள் சிதறினால் வரிசைப்படுத்துவதற்காக, அங்கே தொடர் எண் இடுவது நிரலர்களின் வழக்கம். மற்ற அட்டைகளில் அவ்வாறே எண்கள் இருந்தன. முதல் அட்டையில் இருந்தவை எழுத்துகள். பேத்தி ஒவ்வொரு துளையாக விரல்வைத்து எண்ணி, தாளில் குறித்தாள்.

11உம் 2உம்: கே. 12உம் 1உம்: ஏ. 11உம் 3உம்: எல். 11உம் 7உம்: பி. மறுபடியும் 12உம் 1உம்: ஏ. 0உம் 3உம்: டி. 12உம் 8உம்: எச். 0உம் 8உம்: ஒய்.

அவள் தாளைப் படித்தாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பாட்டி திண்ணைத் தூணைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். தேர் இரண்டு வீடு தள்ளி நின்றிருந்தது. யானை மறுபடியும் தள்ளுவதற்காகக் காத்திருந்தார்கள்.

“பாட்டி, தாத்தா இதில் நம் ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறார்” என்றாள். “சரியாக எட்டு எழுத்து. இயந்திரம் படிக்காத இடத்தில்.”

பாட்டி அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அவருக்குத் துளைகள் மட்டுமே தெரிந்தன. “எந்த இடம்?” என்று கேட்டார். பேத்தி அவர் விரலைப் பிடித்து, முதல் துளையில் வைத்தாள்.

சொல் அறிவோம்

நிரல் என்பது கணினிக்குத் தரும் கட்டளைகளின் தொகுப்பு. அதை எழுதுபவர் நிரலர். நெடுங்கணக்கு, எழுத்துகளின் முழு வரிசை. வாய்பாடு, மனப்பாடம் செய்யும் எண் அட்டவணை. ஒப்புமைக் கணிப்பொறி, எண்களுக்கு ஈடாக மின்னழுத்தம் போன்ற அளவுகளைக் கொண்டு கணக்கிடும் பொறி. இளக்காரம், ஏளனம். புழை, மலையாள நாட்டில் ஆற்றைக் குறிக்கும் சொல்.

பயிற்சி

1. காவலாளியின் கணக்குக்கும் கணினியின் கணக்குக்கும் வேறுபாடு ஏற்பட்டது ஏன்? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. “நீ கேட்கவில்லையே” என்று பாட்டி கூறிய சூழலை உம் சொற்களில் எழுதுக. பாட்டி வேறு என்ன கூறியிருக்கலாம்?

3. தச்சரின் கதவையும் நிரலரின் நிரலையும் பாடம் எவ்வாறு ஒப்பிடுகிறது? அவ்வொப்பீடு முற்றிலும் பொருந்துமா?

4. பின்வரும் துளைகள் குறிக்கும் ஊரின் பெயரைக் கண்டறிந்து தமிழில் எழுதுக: 11-7, 12-1, 11-3, 12-1, 11-2, 11-2, 12-1, 12-4.

5. உம் வீட்டிலோ தெருவிலோ பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம், அவர் பயன்படுத்தி இப்போது வழக்கொழிந்த ஒரு கருவியைப் பற்றிக் கேட்டறிக. அக்கருவி எவ்வாறு இயங்கியது என்பதை, அதைக் கண்டிராதவருக்கும் விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.